குடிக்காதவர் கட்டிக்கொண்ட கயிறு

நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரியா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, இப்பல்லாம் மூணு மாச மாத்திரையை ஒரே பையில போட்டுக் குடுத்துடறோம். தலை சுத்தல் கிடையாது, கெட்ட கனவு கிடையாது, எந்த நேரத்துல வேணும்னாலும் போடலாம். அப்படியும் சில பேர் பாதியில நின்னுடறாங்க. உங்க காலத்துல எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எங்க காலத்துல கத்துவேன். கத்தினா வருவாங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் படிக்கக் கொடுக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். எழுதுவதா, நானா என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் எங்கள் கடைசி ரூமையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ரூம் என்பது நாங்கள் வைத்த பெயர் இல்லை. ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி எங்களுடையதுதான். அதில் காசநோய்ப் பிரிவையும் தாண்டி, நடை முடிகிற இடத்தில் ஒரு அறை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் இடம். அந்தப் பெயரை வாயால் சொல்ல யாருக்கும் மனசு வராது. வாசலில் இருக்கும் காவலாளியிடம், "கடைசி ரூமுக்குப் போவணும்" என்பார்கள். அவரும் முகத்தைப் பார்க்காமல் கையைக் காட்டுவார்.

என் படிப்பைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. நர்சிங் முடித்தேன், பிரசவ வார்டில் இருந்தேன், ஆபரேஷன் வார்டில் இருந்தேன். கடைசி ரூமுக்கு ஆள் வேண்டும் என்றபோது யாரும் கை தூக்கவில்லை. நானும்தான் தூக்கவில்லை. இந்த அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, அங்கே போய்ப் பேசட்டும் என்று என்னைப் போட்டார்கள். அன்று அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அப்புறம் என்ன ஆயிற்றோ தெரியாது, நடுவில் மாற்றல் உத்தரவு வந்தபோது, போக மாட்டேன் என்று சண்டை போட்டு அதே அறையில் ஓய்வு பெற்றேன்.

அங்கே வந்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. எளாவூர் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கத்து ஆந்திரா ஆட்கள், சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி எங்களிடம் வருவார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அதே பயத்தில் அதே செக்போஸ்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவார்கள். பஸ்ஸுக்குள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொள்வார்கள். மாத்திரை டப்பா நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும் என்பதால் பெண்கள் உள்ளே பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். பஞ்சு கேட்டால் நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

எங்களுக்குத் தலைமையாக இருந்தவரைப் பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தெற்குச் சீமைக்காரர், தூத்துக்குடிப் பக்கம். அவருடைய முறை வேறு யாருக்கும் வராது. புதிதாக நோய் உறுதியானவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும், அவரே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவார். எங்கள் அறை விசிறி லாரி மாதிரி சத்தம் போடும். வந்தவர் பேசுவதோ காதைப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கும். விசிறி நின்றதும் நோயாளிக்கும் வேர்க்கும், டாக்டருக்கும் வேர்க்கும், மூலையில் நிற்கிற எனக்கும் வேர்க்கும். நோயின் பெயரை ஒரே ஒரு முறை, தெளிவாகச் சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் முதலில் பேசும் வரைக்கும் அவர் பேச மாட்டார்.

எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் ஒரு தடவை கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது தெரிஞ்சா மாத்திரையை மாத்தப் போறோமா சிஸ்டர்?" என்றார். அதேபோல, மருந்தை நிறுத்தியவரிடம் "ஏன் போடலை?" என்று கேட்கக் கூடாது என்பார். "எப்போ விட்டுப்போச்சு?" என்றுதான் கேட்க வேண்டும். ஏன் என்று கேட்டால் மனுஷன் பொய் சொல்வான், எப்போ என்று கேட்டால் யோசிப்பான் என்பது அவர் கணக்கு. நான் ஏன், எதுக்கு என்று எல்லாவற்றையும் கேட்கிற ஆள். பழகுவதற்கு ரொம்ப நாள் பிடித்தது.

இப்போது நான் சொல்ல வந்தவரைச் சொல்கிறேன். தேசப்பன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சிஸ்டரம்மா, ஊர் பேரு மட்டும் வாணாம்" என்றார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோது அவருக்கு நோய் இருப்பது தெரிந்தது. வேறு வேறு முறையில் மறுபடி மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டு எங்களிடம் அனுப்பினார்கள்.

பெரிய டாக்டர் விசிறியை நிறுத்தினார், சொன்னார், வாயை மூடிக்கொண்டார். தேசப்பன் வெகுநேரம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவேனா என்று கேட்பார் என்று நினைத்தேன், முக்கால்வாசிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். அவர், "என் பாடு போயிடுமா சார்?" என்று கேட்டார்.

"பாடுன்னா என்ன?" என்றார் டாக்டர்.

"ஏரில எறா வர்ற எடம் கொஞ்சந்தான் சார். எல்லாரும் ஒரே எடத்துல வலை கட்டினா அடிதடி ஆயிடும். அதனால ஊர்ல சீட்டு போட்டு மொறை வச்சிக்கினு கீறோம். நம்ம மொறை வர்ற அன்னிக்கு நாம அங்க கட்டலாம். அதான் பாடு. ஊரு ஒருத்தன தள்ளி வச்சிட்டா அவனுக்குப் பாடு கெடையாது. பாடு இல்லன்னா எங்க ஆளுங்கள்ல அவன் மனுசனே இல்ல சார்."

"மாத்திரை போட்டா நோய் அடங்கிக் கிடக்கும். நீங்க வலை கட்டலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம்" என்றார் டாக்டர். "ஊர்ல யாருக்கும் நாங்க சொல்ல மாட்டோம்."

மனைவி அஞ்சலையையும் அழைத்து வரச் சொல்லிப் பரிசோதித்தோம். அவருக்கு நோய் இல்லை. வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார், முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு மேல் இதைப் பற்றி அவர்கள் எங்கள் முன்னால் பேசிக்கொண்டதில்லை. பார்க்க ஒல்லியாக இருப்பார் அஞ்சலை. எறாக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தையில் குரல் கொடுத்தால் ரயிலே நிற்கும்.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் உடனே மாத்திரை கிடையாது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, குறைந்திருந்தால்தான் ஆரம்பிப்போம். தேசப்பனுக்குக் குறைந்திருந்தது. காசநோய் இருக்கிறதா, ஈரல் எப்படி, சிறுநீரகம் எப்படி என்று எல்லாம் பார்த்தோம். பிறகு நான் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். ராத்திரி ஒன்பது மணி, படுக்கும் நேரம், ஒரு மாத்திரை. நேரம் தள்ளக் கூடாது. விட்டு விட்டுப் போட்டால் நோய் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் மருந்து கேட்காது. அந்தக் காலத்து மாத்திரை தலையைச் சுற்ற வைக்கும், கெட்ட கனவு வரும், சில வாரத்தில் சரியாகிவிடும். எல்லோருக்கும் சொல்கிற பாடம்தான். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நல்ல ஆள், நேரம் தவற மாட்டார் என்று எனக்கு ரொம்பத் திருப்தி.

நேரம் தவறவில்லைதான். அதுதான் வினையாகப் போயிற்று.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் நடையில் பெரிய சத்தம். கூடையைக் காவலாளியின் காலடியில் வைத்துவிட்டு அஞ்சலை வந்துகொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினார்.

"நீ குடுத்தது மாத்திரையா சாராயமா சிஸ்டரம்மா?"

"உக்காருங்க அஞ்சலை. என்ன ஆச்சு?"

"இன்னா ஆவணும்? எம் புருசன் பொறந்ததுலருந்து சாராயத்த மோந்து பார்த்ததில்ல. இன்னிக்கு ஊரே அவர குடிகாரன்னு சொல்லுது."

நடந்தது இது. பாடு நாளில் சாயங்காலமே படகில் போய்விடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கழிகளை ஊன்றி, சுற்றி வலையைக் கட்டி, ராத்திரி முழுக்க அங்கேதான் இருப்பார்கள். நேரம் தள்ளக் கூடாது என்று நான் சொன்னேன் அல்லவா, அந்த மனிதர் ஒன்பது மணிக்கு மடியிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். படுக்கிற நேரம் என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை, மணிதான் முக்கியம் என்று எடுத்துக்கொண்டார். பாடு ராத்திரியில் அவர்கள் ஆட்களில் யார் படுக்கிறார்கள்? அதுவும் படகில் பொரித்த மீனும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு. எண்ணெய்ச் சாப்பாட்டோடு அந்த மாத்திரை போனால் சுற்றல் இரண்டு பங்கு. தண்ணீரில் இறங்கியவர் தள்ளாடியிருக்கிறார், விழாமல் இருக்கக் கழியைப் பிடித்திருக்கிறார், கழி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வலை சரிந்து அத்தனை எறாவும் போயிற்று.

பாடு நாளில் ஏரிக்குப் போகிறவன் குடித்துவிட்டு வரக் கூடாது என்பது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு. விடிந்ததும் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. குற்றம் சொன்னவர் வேறு யாரும் இல்லை, அதே படகில் இருந்த கன்னியப்பன், அஞ்சலையின் கூடப்பிறந்த தம்பி. அக்காள் வாழ்க்கை கெட்டுவிடும் என்ற ஆத்திரம் அவருக்கு. எல்லார் முன்னாலும் மாமாவை ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினால் வாசம் இல்லை. "வாசம் வராத சரக்குலாம் இப்ப வருது" என்றார் ஒருவர். "மடிலருந்து என்னமோ எடுத்து வாயில போட்டத நான் பார்த்தேன். அது இன்னா மாமா?" என்று கன்னியப்பன் கேட்டார்.

அதற்கு மேல் கேள்வி போனால் எங்கே போய் நிற்கும் என்று தேசப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா சொன்னாரு தெரியுமா?" என்று கேட்டு அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஆமா குடிச்சேன், வாயில போட்டது ஊறுகான்னு சொன்னாரு சிஸ்டரம்மா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குடியை விடுகிற வரைக்கும் தேசப்பனுக்குப் பாடு இல்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்ததும், இனி மாத்திரையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நான் வழக்கம்போலக் கத்தினேன். அவரை உடனே அழைத்து வரச் சொன்னேன். வந்தால்தானே?

சில மாதம் கழித்து அவர் வந்தபோது காய்ச்சலோடு வந்தார். கன்னம் ஒட்டி, நாக்கெல்லாம் வெள்ளை பூத்து, சட்டை ஆணியில் தொங்குவது போலத் தொங்கியது. பெரிய டாக்டர் எழுந்து விசிறியை நிறுத்தினார்.

"எப்போ விட்டுப்போச்சு?"

"ஊர் கூட்டத்துக்கு மறுநாள்லருந்து சார்." தேசப்பன் நிமிர்ந்து பார்த்தார். "மாத்திரை போட்டா பாடு போவுது. போடலன்னா உசுரு போவுதுன்றீங்க. பாடு இல்லாம உசுர வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?"

"ஏரியிலிருந்து எப்போ வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"விடிஞ்சி வலைய அவுத்து, எறாவ ஏலத்துல வுட்டுட்டு வர்றதுக்கு எட்டு மணி ஆவும்."

"அப்புறம்?"

"குளிச்சிட்டு கொஞ்சம் கஞ்சி குடிச்சிட்டுப் படுப்பேன்."

"பாடு இல்லாத நாள்ல?"

"அன்னிக்கும் பகல்லதான் சார் தூக்கம் வருது. ஒடம்பு அப்படிப் பழகிப்போச்சி."

"அப்போ அதுதான் உங்களுக்கு ராத்திரி. கஞ்சி குடிக்கிறதுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்க. தினமும் அதே நேரம். சுத்தினா தூக்கத்துல சுத்தட்டும்."

தேசப்பன் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. உடனே அணைந்துவிட்டது. "பகல்ல போட்டா ஊரே பார்க்கும் சார். எங்க வூட்டுக்குக் கதவே கெடையாதுன்னு வச்சிக்குங்க, எவன் வேணா உள்ள வருவான். நல்லா இருக்கற ஆம்பள தினம் எதுக்கு மாத்திரை போடறான்னு கேக்க மாட்டாங்களா? அதுவுமில்லாம பாடுதான் போயிடுச்சே."

அப்போது அஞ்சலை வாயைத் திறந்தார். அதுவரை அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. "குடிச்சேன்னு ஒத்துக்கினாச்சி. வுட்டுட்டேன்னு சொல்லிட்டா போச்சு" என்றார். "அம்மன் கோயில்ல கயிறு கட்டிக்கோ. ஊருல குடிய வுடறவன்லாம் அதத்தானே பண்றான்? ஆஸ்பத்திரில குடிய மறக்க மாத்திரை குடுத்துக்கீறாங்க, தினம் போடணும், ஒரு நாள் வுட்டா மறுபடியும் குடிச்சிடுவாருன்னு நான் சொல்லிக்கிறேன்."

தேசப்பன் திகைத்துப்போனார். "சாமி முன்னாடி பொய் சொல்லச் சொல்றியா?"

"இனிமே குடிக்க மாட்டேன்னு தானே சத்தியம் பண்ணப் போற? குடிக்கப் போறியா?"

"இல்ல."

"அப்ப இதுல பொய் எங்க கீது?"

பெரிய டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். "பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன். மாத்திரையை விடாதீங்கன்னு மட்டும் சொல்வேன்" என்றார். முதலில் காய்ச்சலுக்கும் நாக்குக்கும் மருந்து கொடுத்து, காசநோய் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழையபடி மாத்திரையை ஆரம்பித்தோம்.

வாழ்நாளில் குடிக்காத மனிதர் குடியை விடுவதற்காக ஈரத்துணியோடு அம்மன் முன்னால் நின்று கயிறு கட்டிக்கொண்டார். ஊர் அவருடைய பாடு முறையைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பிரியாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் துறையில் மருந்தை விடாமல் போடவைக்க என்னென்னவோ செய்வார்கள், போனில் கூப்பிடுவார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். தேசப்பனுக்கு அதெல்லாம் தேவைப்படவே இல்லை. ஊரே அவரை விரட்டிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் தினமும் ஏலம் முடிந்ததும் மாமாவுடனேயே வீட்டுக்கு வருவார். மாமா மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அக்காள் வாழ்க்கையைத் தானே நிமிர்த்திவிட்டதாக அவருக்கு நினைப்பு.

"ஒரு நாள் மறக்கலாம்னா வுட மாட்றானுங்க சிஸ்டரம்மா" என்று தேசப்பன் என்னிடம் புகார் சொல்வார். "கல்யாண வூட்டுக்குப் போனா பந்தியில கேக்கறானுங்க. சின்னப் பசங்கலாம் கேக்குது."

நானும் டாக்டரும் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அவருடைய எதிர்ப்புச் சக்தி ஏறிக்கொண்டே வந்தது. கன்னம் உப்பியது. ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் சோதனை எங்களுக்கு வந்தபோது, தெரியாத அளவுக்கு அடங்கிப்போயிருந்தது. அந்தக் குப்பத்துப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டுக்காரர்களுக்கும் அந்தக் குடி மாத்திரை வேண்டும் என்று அஞ்சலையை நச்சரித்தார்கள். அது ரத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று சொல்லி அவர் சமாளித்தார். நிஜமாகவே சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். அவர்களைக் குடி நிறுத்தும் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். அதில் ஒருவர் உண்மையிலேயே குடியை விட்டுவிட்டார் என்பது எங்களுக்குக் கிடைத்த லாபம்.

அந்த வருஷங்கள்தான் என் வேலையில் நல்ல வருஷங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகும், மருந்து வர ஒரு நாள் தாமதமானால் எனக்குக் கை கால் ஓடாது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை அத்தனை முகத்தையும் பார்ப்போம். யார் பெண் பெரியவளானாள், யார் புது வலை வாங்கினார்கள் என்று எல்லாம் தெரியும். எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் அஞ்சலை ஒரு பொட்டலம் எறாவைக் காவலாளியிடம் வைத்துவிட்டு ஓடிவிடுவார். பெரிய டாக்டர் ஓய்வு பெற்ற அன்று விசிறியைப் போட்டுவிட்டு, "இனிமே ஓடட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை மறுநாள் காலையில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு விசிறியை நிறுத்துவது என் வேலையாயிற்று.

எனக்கும் ஓய்வு நெருங்கிய காலத்தில், ஒரு நாள் காலை, வெகுநாள் இருமலுக்காக வந்த ஒருவரைச் சோதித்து எங்களிடம் அனுப்பினார்கள். சீட்டில் தேசப்பனுடைய ஊர் பேர். நிமிர்ந்து பார்த்தேன். கன்னியப்பன். நான் அவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் அஞ்சலையின் அதே மூக்கு, அதே கண்.

நான் விசிறியை நிறுத்தியதும், புதிதாக வந்திருந்த இளம் டாக்டரம்மா நோயின் பெயரைப் பொறுமையாகச் சொன்னார். காசநோய் இல்லை என்று பார்த்தாயிற்று, இப்போது காத்திருக்கத் தேவையில்லை, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்கே மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்றார். நான் ஊசியும் குழாயுமாக நின்றேன். கன்னியப்பன் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"ரத்தம் வாணாம், மாத்திரையும் வாணாம். எம் பொண்ணுக்கு மாப்ள பார்த்துக்கினு கீறேன். இது வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? நான் இப்படியே ஏரிக்குப் போயிடறேன்மா. படகுலருந்து வுழுந்துட்டான்னு ஊரு சொல்லட்டும். அது கௌரவம்" என்றார். சொல்லிவிட்டுச் சத்தமாக அழ ஆரம்பித்தார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். அந்த வார்த்தை என்னுடையது இல்லை. நோயாளியின் விஷயத்தை அவர் அனுமதி இல்லாமல் மச்சானிடம்கூடச் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினேன். நடையின் அந்தக் கோடியில் தேசப்பன் மாத்திரைப் பையோடு வந்துகொண்டிருந்தார். அன்று அவருடைய தேதி.

வெளியே ஓடினேன். "இன்னிக்கு வேணாம். நாளைக்கு வாங்க" என்றேன்.

"ஏன் சிஸ்டரம்மா, மாத்திரை வரலியா?"

"வந்திருக்கு. நான் சொன்னா கேளுங்க. போங்க."

அவர் திரும்பி நடந்தார். அப்போது உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. தேசப்பன் நின்றுவிட்டார். தினமும் தன் வாசலில் நின்று மாத்திரை போடச் சொன்ன குரல் அவருக்குத் தெரியாதா?

"கன்னியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியம். கன்னியப்பனோ சரக்கு உள்ளே போனால் எல்லாவற்றையும் கொட்டிவிடும் ஆள் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படியே திரும்பி வெளியே போயிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். அவர் செருப்பைக் கழற்றினார். எங்கள் அறைக்கு யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை. உள்ளே போனார்.

கன்னியப்பன் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார். கையில் இருந்த சீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "மாமா, நீ இன்னா இங்க? குடி மாத்திரைக்கா? அது இங்கியா குடுக்கறாங்க?"

தேசப்பன் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "கன்னி, நான் ஒரு நாளும் குடிச்சதில்லடா" என்றார்.

கன்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்த மாத்திரைப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப அன்னிக்கு ஏரில தள்ளாடினது?"

"இந்த ரூமு மாத்திரைதான். நேரங்கெட்ட நேரத்துல போட்டுட்டேன்."

"அக்காவுக்கு?"

"உங்கக்காதான் கயிறு கட்ட வச்சா. அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கீறா."

கன்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். "ஊரு நடுவுல உன்ன ஊதச் சொன்னேனே மாமா" என்றார்.

"சொன்ன. ஊதினேன். வுடு." தேசப்பன் அவர் கையைக் கக்கத்திலிருந்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இத்தினி வருசமா உன் கூடத்தானடா தண்ணியில நிக்கறேன். ஒரு வலை உனக்குக் கொறைச்சி இழுத்திருக்கேனா? நீ இன்னாத்துக்கு ஏரிக்குப் போவணும்? எம் பேச்சக் கேளு, சிஸ்டரம்மாவுக்குக் கைய குடு."

நான் ஊசியும் குழாயுமாக மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். கன்னியப்பன் மூக்கை உறிஞ்சினார். மாமாவின் மடியில் இருந்த கையை எடுக்காமல் இன்னொரு கையின் சட்டையைப் பல்லால் கடித்து மேலே ஏற்றினார். மேசைமேல் நீட்டினார்.

"எடுங்க சிஸ்டரம்மா" என்றார்.